மறியலுக்குப் பிறகும் ஒரு தண்டனையா?

சட்டம் அறிவோம்



காணி, தாபரிப்பு, தொலைந்துபோன பிறப்புச் சான்றிதழ் என்று இந்தப் பக்கத்துக்கு வழமையாக வரும் கேள்விகளுக்கிடையில், அண்மைக்காலமாக வேறொரு வகைக் கடிதமும் வருகிறது. "ஊருக்குத் தெரிந்தால் வெட்கம், என்னுடைய பெயரைப் போடவேண்டாம்" என்ற வரி அதில் கட்டாயம் இருக்கும். கனடாவில் இருக்கிற மகனோ தம்பியோ மருமகனோ ஒரு குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருப்பான். மறியல் முடிந்து வீட்டுக்கு வருவான் என்று பார்த்துக்கொண்டிருக்க, நாட்டை விட்டு அனுப்பப் போகிறோம் என்று கடிதம் வந்திருக்கும். இனி என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

வன்னியிலிருந்து ஒரு தாய் எழுதியதை எடுத்துக்கொள்வோம். கணவரை 2009 இல் இழந்தவர். மூத்த மகனைப் பதினொரு வயதில், 2000 ஆம் ஆண்டு, தன் தமையனோடு அனுப்பிவைத்தார். அங்கே அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டது, நிரந்தர வதிவிடமும் கிடைத்தது. மகன் கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு சண்டையில் ஒருவரைக் காயப்படுத்தியதற்கு எட்டு மாதச் சிறை. குடியுரிமை எடுக்கவில்லை. "செய்த பிழைக்கு மறியலில் இருந்துவிட்டான்தானே, பிறகும் ஏன் கலைக்கப் பார்க்கிறார்கள்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் இதை இரண்டாவது தண்டனையாகப் பார்ப்பதில்லை. குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பது ஒரு நீதிமன்றம். அவர் நாட்டில் இருக்கலாமா என்று தீர்மானிப்பது வேறொரு அலுவலகம், வேறொரு சட்டம். குடிமகன் அல்லாத ஒருவருக்குக் கனடாவில் தங்கியிருக்கும் முழு உரிமை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992 இலேயே சொல்லிவிட்டது. பிறந்தோ விண்ணப்பித்தோ குடியுரிமை பெற்றவரைக் குற்றத்துக்காக நாடுகடத்த முடியாது. நிரந்தர வதிவாளரை, அவர் இருபத்தைந்து வருடம் அங்கே இருந்தாலும், முடியும். எங்களவர்கள் பலர் "எல்லாச் சலுகையும் கிடைக்குதுதானே, குடியுரிமை எடுத்து என்ன" என்று வருடக்கணக்காகத் தள்ளிப் போடுகிறார்கள். வழக்கு வந்த பிறகு விண்ணப்பித்தால் காலம் கடந்துவிடும். தண்டனை இல்லாத உறவுகள் அங்கே இருந்தால், இந்தப் பந்தியை மட்டுமாவது தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள்.

எந்தக் குற்றம் இந்த நிலைக்குக் கொண்டுவரும்? 2002 இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில் "பாரதூரமான குற்றம்" என்று ஒரு வகை உண்டு. நிரந்தர வதிவாளரைப் பொறுத்தவரை, கனடாவுக்குள் செய்த குற்றத்தில் இரண்டு அளவுகோல். அந்தக் குற்றத்துக்குச் சட்டம் விதித்திருக்கும் ஆகக்கூடிய தண்டனை பத்து வருடமோ அதற்கு மேலோ என்றால் ஒன்று. உண்மையில் விதிக்கப்பட்ட சிறைத் தண்டனை ஆறு மாதத்துக்கு மேற்பட்டால் மற்றது. இதில் ஏதாவது ஒன்று போதும். முதலாவதைக் கவனியுங்கள். நீதவான் மறியலுக்கே அனுப்பாமல் விட்டாலும், குற்றத்தின் ஆகக்கூடிய தண்டனை பத்து வருடமாக இருந்தால் ஆள் அகப்படுவார். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கான ஆகக்கூடிய தண்டனையை 2018 டிசெம்பரில் பத்து வருடமாக உயர்த்தினார்கள். அதிலிருந்து, முன்னர் தண்டப்பணத்தோடு முடிந்த அலுவல் இப்போது வதிவிடத்தையே ஆட்டிப்பார்க்கிறது. பதினெட்டு வயதுக்கு முன் செய்து, இளையோர் நீதிமன்றத்தில் இளையோருக்குரிய தண்டனை பெற்ற குற்றங்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

தண்டனை கிடைத்தவுடன் ஆளைப் பிடித்து விமானத்தில் ஏற்றுவதில்லை. முதலில் எல்லைச் சேவைகள் முகவரகத்தின் உத்தியோகத்தர் ஒருவர் கடிதம் அனுப்புவார். உங்களைப் பற்றி அறிக்கை எழுத யோசிக்கிறோம், சொல்வதற்கு ஏதும் உண்டா என்று கேட்பார். இதுதான் முதற்கதவு. பலர் இந்தக் கடிதத்தை மேசை லாச்சியில் வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். வயதான தாய் தகப்பனுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த உத்தியோகத்தருக்கு ஓரளவு மனம்வைக்க இடமுண்டு. நல்ல பதில் கிடைத்தால் எச்சரிக்கைக் கடிதத்தோடு விடவும் கூடும். பதில் போகாவிட்டால் அறிக்கை விசாரணைக்குப் போகும். விசாரணையில் கேட்கப்படுவது தண்டனை கிடைத்ததா இல்லையா என்பது மட்டும்தான். பிள்ளைகள் இருக்கிறார்கள், திருந்திவிட்டார் என்பதையெல்லாம் அங்கே பார்ப்பதில்லை. அங்கிருந்து நாடுகடத்தற் கட்டளை வரும்.

கட்டளைக்கு எதிராகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அவகாசம் 30 நாள். நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. தண்டனை ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் இந்தக் கதவு பூட்டு. 2013 ஜூன் வரை அந்த எல்லை இரண்டு வருடமாக இருந்தது. வெளிநாட்டுக் குற்றவாளிகளை விரைந்து அகற்றுவது என்ற பெயரில் வந்த சட்டம் அதை ஆறு மாதமாகக் குறைத்துவிட்டது. ஆக, ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைந்த தண்டனைக்கும் சரியாக ஆறு மாதத் தண்டனைக்கும் இடையில் இருக்கிற அந்த ஒரே நாள், ஒரு குடும்பம் அங்கே இருப்பதா பிரிவதா என்பதைத் தீர்மானிக்கலாம். விளக்கமறியலில் கழித்த நாட்களையும், நீதவான் தண்டனையின் பகுதியாகக் கணக்கெடுத்தால், சேர்த்தே எண்ணுவார்கள்.

இதனால்தான் குற்ற வழக்கு நடக்கும்போதே குடிவரவைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சொல்கிறோம். 2013 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் பாம் என்பவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவருக்கு இரண்டு வருடத் தண்டனை. அப்போதிருந்த சட்டப்படி ஒரு நாள் குறைந்திருந்தால் மேன்முறையீட்டு உரிமை இருந்திருக்கும். தண்டனை கொடுத்த நீதவானுக்கு அது தெரியாது. உச்ச நீதிமன்றம் அந்த ஒரு நாளைக் குறைத்தது. குற்றத்துக்குப் பொருத்தமான அளவுக்குள் நின்றுகொண்டு, நாடுகடத்தலால் வரும் விளைவையும் நீதவான் யோசிக்கலாம் என்றது. குடிமகன் அல்லாதவருக்கென்று தனியாக ஒரு மலிவான தண்டனை கொடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னது. 2017 இல் இன்னொரு வழக்கில், மறியலுக்குப் பதிலாக நிபந்தனைகளோடு சமூகத்துக்குள் அனுபவிக்கும் தண்டனை "சிறைத் தண்டனை" என்ற சொல்லுக்குள் வராது என்றும் தீர்ப்பு வந்தது. 2018 தீர்ப்பொன்றின்படி, குடிவரவு விளைவு தெரியாமல் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவர் அந்த ஒப்புதலை விலக்கக் கேட்கலாம். ஆனால் தெரிந்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன் என்று அவர் மன்றத்தை நம்பவைக்க வேண்டும். அந்த வழக்குக்காரரால் அதைச் செய்ய முடியவில்லை, தோற்றுத்தான் போனார்.

"ஒப்புக்கொண்டால் கெதியாய் வெளியே வரலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் தலையாட்டிவிடுகிறார்கள். குற்ற வழக்குச் சட்டத்தரணியும் குடிவரவுச் சட்டத்தரணியும் ஒருதரம் தங்களுக்குள் கதைத்துக்கொண்டால் தடுக்கக்கூடிய சேதம் இது. காசில்லாவிட்டால் அந்தந்த மாகாணத்தின் சட்ட உதவி நிறுவனத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் குடிவரவு வழக்குகளுக்கும் உதவி கொடுக்கிறார்கள், வருமானத்தைப் பார்த்து.

கடிதம் எழுதிய தாயின் மகனுக்கு எட்டு மாதம். ஆகவே மேன்முறையீட்டுப் பிரிவின் கதவு பூட்டு. தண்டனைக்கு எதிராக மேல் நீதிமன்றத்துக்குப் போய் அது ஆறு மாதத்துக்குக் கீழே இறங்கினால் மட்டும் அது திறக்கும். இரண்டு மாதம் குறைப்பது ஒரு நாள் குறைப்பதைப் போல இலகுவான காரியம் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒன்ராறியோவில் அதற்கும் 30 நாள்தான். பிந்தினால் காரணம் காட்டி அவகாசம் கேட்கலாம்.

ஆனால் அம்மா, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது. உங்கள் மகன் அகதியாக ஏற்கப்பட்டவர். பாதுகாப்புப் பெற்ற ஒருவரை, அவர் தப்பிவந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது 1951 ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தின் அடிப்படை. கனடியச் சட்டத்தின் 115 ஆம் பிரிவும் அதைச் சொல்கிறது. நாடுகடத்தற் கட்டளையால் வதிவிடம் போனாலும் அந்தப் பாதுகாப்பு தானாகப் போய்விடாது. அதைத் தாண்டி அனுப்புவதென்றால், இவர் பொதுமக்களுக்கு ஆபத்தானவர் என்று அமைச்சரின் பெயரால் ஒரு முடிவு தனியாக எழுதப்பட வேண்டும். பழைய தண்டனை ஒன்று இருப்பது மாத்திரம் அதற்குப் போதாது. இனிமேலும் ஆபத்து உண்டா என்று பார்க்க வேண்டும். திரும்பினால் என்ன நடக்கும் என்பதையும் அதற்கு எதிரே வைத்து நிறுக்க வேண்டும். பதில் சொல்ல மகனுக்குச் சந்தர்ப்பம் தரப்பட வேண்டும்.

இந்த விடயத்தில் கனடாவின் சட்டத்தைச் செதுக்கிய தீர்ப்பு ஓர் ஈழத் தமிழரின் வழக்கிலேதான் வந்தது. 1991 இல் அகதியாக ஏற்கப்பட்டவர் சுரேஷ். விடுதலைப் புலிகளுக்கு நிதி சேர்த்தவர் என்று 1995 இல் கைதுசெய்யப்பட்டு, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று நாடுகடத்தப்பட இருந்தார். 2002 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சித்திரவதை நடக்கக்கூடிய இடத்துக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாக அரசியலமைப்புக்கு மாறானது என்றது. அவருக்கு எதிரான ஆவணங்களை அவருக்குக் காட்டி, பதிலை வாங்கி, முடிவின் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. விதிவிலக்கான சந்தர்ப்பம் இருக்கலாம் என்று ஒரு சிறு இடைவெளியை விட்டதற்காக அந்தத் தீர்ப்பைக் குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த இடைவெளி பிடிக்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் அப்படி ஒரு விலக்கு கிடையாது. கனடா 1987 இலேயே அதை ஏற்றிருக்கிறது.

இப்போது தாய்மாருக்கு ஒரு கசப்பான எச்சரிக்கை. "ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ ராசா" என்று நாங்கள் கேட்போம். அகதியாக ஏற்கப்பட்டு, இன்னும் குடியுரிமை எடுக்காத பிள்ளை, இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துபோனால், இவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை என்று அரசாங்கம் வழக்கு வைக்கலாம். 2012 டிசெம்பரிலிருந்து, அப்படிப் பாதுகாப்புப் பறிபோனால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகும். குற்றம் எதுவும் செய்யாதவருக்கும் இது பொருந்தும். குற்றத் தண்டனையும் இருக்கிறவருக்கு 115 ஆம் பிரிவின் கவசமே கழன்றுவிடும். ஆகவே மகன் இடையில் வந்துபோனவரா, எந்தக் கடவுச்சீட்டில் வந்தார் என்பதை முதல் வேலையாகச் சட்டத்தரணிக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அரசாங்கத்தின் சட்டத்தரணி சொல்லுவார்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். பாரதூரமான குற்றம் செய்தவருக்கும் இது உண்டு. குழுக் குற்றம், பாதுகாப்புக் காரணம் என்று தீர்மானிக்கப்பட்டவர்களுக்கு 2013 முதல் இல்லை. பிள்ளைகளின் நலன் இதில் பெரிய இடம் பெறும். 2015 இல் வடக்கிலிருந்து தனியே போன ஒரு தமிழ் இளைஞனின் வழக்கில், கஷ்டங்களைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்காமல் ஒருசேரப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தியோகத்தர்களைக் கண்டித்திருக்கிறது. அந்தப் பிள்ளை குற்றம் செய்தவரல்ல, ஆனாலும் அங்கே சொன்னது எல்லோருக்கும் உதவும். இந்த விண்ணப்பம் போட்டதனால் மட்டும் விமானம் நிற்காது என்பதை மறக்கவேண்டாம்.

அகதிப் பாதுகாப்பு இல்லாதவர்கள், அனுப்புவதற்கு முன் ஆபத்தை மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். அறிவித்தல் கையில் கிடைத்து 15 நாளுக்குள் விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை பொதுவாக அனுப்பமாட்டார்கள். பாரதூரமான குற்றத்தால் விலக்கப்பட்டவருக்கு வெற்றி கிடைத்தாலும், அது வதிவிடத்தைத் தராது, அனுப்புவதைத்தான் நிறுத்தி வைக்கும். கடைசியாக சமஷ்டி நீதிமன்றம். கனடாவுக்குள் எடுக்கப்பட்ட குடிவரவு முடிவுக்கு எதிராகப் போக அங்கேயும் 15 நாள். விமானத் திகதி வந்த பிறகு இடைநிறுத்தம் கேட்டால், வழக்கில் உண்மையான கேள்வி உண்டா, அனுப்பினால் திருத்தமுடியாத சேதம் வருமா, யாருடைய பாதிப்புக் கூட என்று மூன்றையும் பார்ப்பார்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த தண்டனையால் மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடிந்தவர்களுக்குக் கிடைக்கக்கூடியதில் நல்லது, நிபந்தனையோடு கட்டளையை நிறுத்திவைப்பது. சில வருடம் ஒழுங்காக இருந்தால் கட்டளையை நீக்கலாம். அந்தக் காலத்துக்குள் மீண்டும் ஒரு பாரதூரமான குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் நிறுத்தம் தானாகவே இல்லாமல் போகும். இன்னொரு விசாரணை கிடையாது.

அங்கே என்ன பார்ப்பார்கள்? குற்றம் எவ்வளவு பாரதூரமானது, திருந்துவாரா, எத்தனை வருடம் வேரூன்றியவர், குடும்பம் எப்படிப் பாதிக்கப்படும், அங்கே துணைநிற்க ஆட்கள் உண்டா, திரும்பினால் இங்கே என்ன கஷ்டம். கடைசிக் கேள்விக்குச் சான்று எங்களிடம்தான் இருக்கிறது. தகப்பனின் மரணச் சான்றிதழ், அல்லது காணாமற்போனவர் என்று பதிவாளர் தந்த சான்றிதழ், இடம்பெயர்ந்த பதிவுகள், முகாம் அட்டை, வைத்தியசாலைத் துண்டுகள், வீடு இல்லை என்றால் அதற்குக் கிராம அலுவலரின் கடிதம். மூலப்பிரதியை அனுப்பவேண்டாம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, பிரதியை அனுப்புங்கள்.

உங்கள் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். "என் பிள்ளை ஒரு பாவமும் அறியாதவன்" என்று எழுதினால் அது அவனுக்கே எதிராகத் திரும்பும். தீர்ப்பு வந்துவிட்டது, அவர்கள் தேடுவது அவன் தன் பிழையை உணர்ந்தானா என்பதை. அவன் குடியை விட்டிருந்தால், ஆலோசனைக்குப் போகிறான் என்றால், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதோடு எழுதுங்கள். இல்லாத மிரட்டலையும் நடக்காத தேடுதலையும் எழுதித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரு பொய் பிடிபட்டால் மிச்சம் பத்து உண்மையும் போகும்.

மருமகள்மாரைப் பற்றியும் எழுதாமல் விடமுடியாது. இரண்டு கடிதங்களில், "அவள்தான் பொலிசைக் கூப்பிட்டு என்ரை பிள்ளையை நாடுகடத்த வைத்தாள்" என்று இருந்தது. அடி வாங்கியவள் உதவிக்கு அழைத்தாள். வழக்கு வைத்தது அரசாங்கம், தண்டனை வந்தது அவன் கைநீட்டியதனால். இதில் நான் மருமகளின் பக்கம்தான் நிற்பேன். அவளுக்கு அங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்திருந்தால், கணவனை விட்டு வெளியேறியதற்காக அது போகாது. பொறுப்பேற்று அழைக்கப்பட்ட மனைவி இரண்டு வருடம் சேர்ந்திருக்க வேண்டும் என்று 2012 இல் போட்ட நிபந்தனையை 2017 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். வதிவிடம் இன்னும் கிடைக்காத பெண்களுக்கு, குடும்ப வன்முறை காரணமாகத் தற்காலிக அனுமதி கேட்க 2019 இலிருந்து வழியுண்டு. கணவனுக்காகக் கடிதம் கொடுப்பதா இல்லையா என்பது அவள் விருப்பம். இன்னுமொன்று: அவளோடு தொடர்பு கொள்ளக்கூடாது என்று மகனுக்கு நீதிமன்றம் கட்டளை போட்டிருந்தால், அவன் சொன்னதை நீங்கள் வட்ஸ்அப்பில் அவளுக்குச் சொல்வதும் அந்தக் கட்டளையை அவன் மீறியதாகலாம். தாய்மார் தூது போய்ப் பிள்ளையைத் திரும்ப மறியலுக்கு அனுப்பக்கூடாது.

எல்லாக் கதவும் பூட்டி, ஆள் வரத்தான் போகிறார் என்றால், விமான இலக்கத்தையும் திகதியையும் முன்கூட்டியே வாங்கிவைத்து, யாராவது கட்டுநாயக்கவுக்குப் போங்கள். குடிவரவு அதிகாரிகளும் பொலிசாரும் அங்கே விசாரிக்கக்கூடும், நேரமெடுக்கும். வெளியே வர அளவுக்கு மீறிப் பிந்தினாலோ, கூட்டிக்கொண்டு போனார்கள் என்று அறிந்தாலோ, எங்கே, யார் என்று கேட்டு எழுதிக்கொண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு சட்டத்தரணிக்கும் அறிவியுங்கள். காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகள் மாவட்டங்களில் இருக்கின்றன. சின்ன வயதில் போனவர்களிடம் தேசிய அடையாள அட்டை இராது. அது இல்லாமல் வங்கிக் கணக்கும் இல்லை, வேலையும் இல்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதியை இப்போதே எடுத்துவையுங்கள். வந்த கிழமையே கிராம அலுவலரிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியே அனுப்பவேண்டாம்.